தட்டினால் இயங்கும் சுவிட்ச்... 21 வயதில் அதற்கு விதை போட்ட பியர் கியூரி! நோபல் பட்டியலில் விடுபட்ட மனைவிக்காக அவர் என்ன செய்தார்?

கேஸ் லைட்டரை அழுத்தினால் டக் என்று ஒரு பொறி. உள்ளே பேட்டரி கிடையாது. எலக்ட்ரானிக் டிரம்மில் குச்சியால் ஒரு அடி, ஸ்பீக்கரில் சத்தம். கதவில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வட்டத் தகட்டை யாராவது தட்டினால் வீட்டுக்குள் பஸ்ஸர் அலறுகிறது.

இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான். சில பொருட்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். இதைத்தான் பீசோ எலக்ட்ரிக் விளைவு, தமிழில் அழுத்த மின் விளைவு என்கிறோம்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் உடனே தெரிந்தவர் மாதிரி இருக்கும். ஆனால் அவரை நாம் பெரும்பாலும் மேரி கியூரியின் கணவர் என்று மட்டும்தான் படித்திருக்கிறோம். பியர் கியூரி. மேரியைச் சந்திப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கண்டுபிடிப்பைச் செய்துவிட்டார். அது மட்டும் இல்லையென்றால் ரேடியத்தின் கதையே வேறு மாதிரி போயிருக்கும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் போகாத பையன்

1859 மே 15-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார் பியர். அப்பா எஜேன் கியூரி ஒரு மருத்துவர். பெரிய வசதி கிடையாது. 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின்போது தெருவில் சண்டை நடந்துகொண்டிருக்க, காயம்பட்டவர்களுக்குத் தன் வீட்டிலேயே சிகிச்சை கொடுத்தவர் அவர். அப்போது பியருக்கு 12 வயது.

பியர் பள்ளிக்கூடமே போனதில்லை. ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதிலேயே மூழ்கிவிடுவார். சட்டென்று அடுத்த பாடத்துக்குத் தாவ அவரால் முடியாது. மணி அடித்ததும் பாடம் மாறும் பள்ளி இவனுக்குச் சரிப்படாது என்று பெற்றோர் முடிவு செய்து, வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். 14 வயதில் ஒரு கணித ஆசிரியர் கிடைத்தார். அதற்குப் பிறகு பையனைப் பிடிக்க முடியவில்லை. 16 வயதில் அறிவியலில் முதல் பட்டம். 18 வயதில், இன்றைய முதுகலைக்கு இணையான பட்டம்.

அடுத்து முனைவர் பட்டம்தானே? அங்கேதான் சிக்கல். வீட்டில் பணம் இல்லை. அதனால் 1878-இல் சோர்போன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளர் வேலையில் சேர்ந்துவிட்டார். மாணவர்களுக்குச் செய்முறைக் கருவிகளைத் தயார் செய்து கொடுப்பதுதான் வேலை. அவர் முனைவர் பட்டம் வாங்கியது 1895-இல், 35 வயதில்!

1880: அண்ணன் - தம்பி சேர்ந்து செய்த வேலை

பியரின் அண்ணன் ஜாக் கியூரியும் சோர்போனில்தான் இருந்தார், கனிமவியல் ஆய்வகத்தில். இருவருக்கும் படிகங்கள் மீது ஒரு பைத்தியம்.

அப்போது ஒரு பழைய புதிர் இருந்தது. டூர்மலைன் என்றொரு ரத்தினக்கல். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வியாபாரிகள் இலங்கையில் இருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கல் இது. அதன் பெயரே ஒரு சிங்களச் சொல்லில் இருந்து வந்ததுதான். இந்தக் கல்லைச் சூடாக்கினால் சாம்பல் துகள்களைத் தன் பக்கம் இழுக்கும். அதாவது, சூடு பட்டால் அதில் மின்னூட்டம் வருகிறது.

கியூரி சகோதரர்கள் யோசித்தது இதுதான். சூடாக்கினால் படிகம் விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது. அப்படியென்றால் நெருப்பே இல்லாமல், வெறுமனே அழுத்திச் சுருக்கினாலும் மின்னூட்டம் வர வேண்டுமே?

கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கற்களையும் அழுத்திப் பார்க்கவில்லை. படிகத்தின் உள் அமைப்பில் சமச்சீர் எப்படி இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டார்கள். நடுவில் இருந்து பார்த்தால் எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி இருக்கும் படிகத்தை எவ்வளவு அழுத்தினாலும், உள்ளே இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அந்தச் சமச்சீர் இல்லாத படிகத்தில்தான் இரண்டும் சற்று விலகி நிற்கும். ஒரு முகத்தில் நேர், எதிர்முகத்தில் எதிர். எந்தக் கல்லில் வரும், எந்தக் கல்லில் வராது என்பதை இப்படித்தான் கணித்தார்கள்.

படிகத்தைச் சரியான கோணத்தில் வெட்டி, இரு பக்கமும் வெள்ளீயத் தாளை ஒட்டி, அழுத்தி, எலக்ட்ரோமீட்டரில் பார்த்தார்கள். முள் நகர்ந்தது. டூர்மலைன், குவார்ட்ஸ், டோபாஸ், ரோஷல் உப்பு, ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகத்தில்கூட மின்னூட்டம் வந்தது. 1880-இல் முடிவுகளை வெளியிட்டபோது பியருக்கு வயது 21. பீசோ எலக்ட்ரிசிட்டி என்ற பெயரை மறு ஆண்டு வைத்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஹாங்கெல்.

அதே 1881-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கேப்ரியல் லிப்மன், இதன் மறுபக்கமும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கணக்கில் காட்டினார். மின்சாரம் கொடுத்தால் படிகம் வடிவம் மாற வேண்டும். சகோதரர்கள் உடனே சோதித்து, ஆமாம், மாறுகிறது என்று நிரூபித்தார்கள். நம் வீட்டு பஸ்ஸர் கத்துவது இந்த மறுபக்கத்தால்தான்.

லிப்மன் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

சரி, இந்த சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

எலக்ட்ரானிக்ஸ் கடையில் பீசோ டிஸ்க் என்று கேட்டால் சில ரூபாய்க்கே கிடைக்கும். பித்தளைத் தகடு, அதன்மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய செராமிக் படலம். கியூரிகள் பயன்படுத்திய இயற்கைக் கல்லுக்குப் பதில், இன்று ஆலையில் தயாராகும் செராமிக். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைத் தட்டினால் சில வோல்ட், பலமாகத் தட்டினால் அதற்கும் மேலே மின்னழுத்தம் எகிறும். ஆனால் கண நேரம்தான். மின்னோட்டமும் மிகச் சிறியது. நேரடியாக ஒரு பல்பை எரிக்க அது போதாது. அதனால் அந்தத் துடிப்பைப் பிடித்து, நீட்டி, பலப்படுத்த ஒரு சின்னச் சுற்று தேவை:

* டிஸ்க்கின் பித்தளைப் பக்கம் கிரவுண்டுக்கு. செராமிக் பக்கம், சில கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டில்.

* டிஸ்க்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர். தேங்கும் மின்னூட்டம் வடிய இதுதான் வழி. இதற்குப் பதில் மாற்றக்கூடிய பிரீசெட் வைத்தால், மதிப்பைக் குறைக்கக் குறைக்க சுவிட்ச்சின் உணர்திறனும் குறையும். லாரி போகும் அதிர்வுக்கெல்லாம் கத்தாமல் இருக்க இது உதவும்.

* பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு சிறிய டயோடு, அதன் கேத்தோடு பேஸ் பக்கம். தட்டும்போது வருவது ஏறி இறங்கும் அலை. அதன் எதிர்ப்பகுதி டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடாமல் இது காக்கும்.

* டிரான்சிஸ்டரின் கலெக்டர், 555 டைமர் ஐசியின் 2-ஆம் காலுக்கு. அதே இடத்தில் இருந்து 9 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

தட்டியதும் டிரான்சிஸ்டர் ஒரு கணம் திறக்கும். 2-ஆம் காலின் மின்னழுத்தம், கொடுத்த வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும். உடனே 555-இன் 3-ஆம் கால் ஆன் ஆகும். எவ்வளவு நேரம்? ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கி, 1.1-ஆல் பெருக்கினால் வரும் விநாடிகள். 100 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் போட்டால் 11 விநாடி. கண நேரத் தட்டு, 11 விநாடி வெளிச்சமாக மாறிவிட்டது!

முதலில் எல்இடியில் செய்து பாருங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் அனுபவம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். பஸ்ஸர் வைப்பதாக இருந்தால் டிஸ்க்கில் இருந்து தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸரின் அதிர்வையே டிஸ்க் உணர்ந்து, சுவிட்ச் தன்னைத்தானே தட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு சந்தேகம் வரலாம். டிஸ்க் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டால்? வைக்கும் கணத்தில் மட்டும் சுவிட்ச் வேலை செய்யும். அப்புறம் மின்னூட்டம் வடிந்துபோகும். செங்கல் அங்கேயே இருந்தாலும் பலனில்லை. பீசோ உணர்வது மாற்றத்தை. அதனால்தான் இது எடை பார்க்க அல்ல, அதிர்வைப் பிடிக்கச் சரியான சென்சார்.

இன்னொன்று. செராமிக் பக்கத்தில் வயரைப் பற்றவைக்கும்போது சால்டரிங் அயனை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் செராமிக் தன் பீசோ குணத்தையே இழந்துவிடும். அந்த எல்லைக்கு என்ன பெயர் தெரியுமா? கியூரி வெப்பநிலை! பியர் தன் முனைவர் பட்ட ஆய்வில், சூடாக்கினால் காந்தப்பொருட்கள் எந்த இடத்தில் தங்கள் வலுவான காந்தத்தன்மையை இழக்கின்றன என்று ஆராய்ந்தார். இரும்புக்கு அது சுமார் 770 டிகிரி செல்சியஸ். அந்தப் பெயரே பிற்காலத்தில் இந்த வகை செராமிக்குகளுக்கும் நிலைத்துவிட்டது.

பயன் தெரியாமல் செய்த கருவி

1882-இல் பாரிஸ் நகராட்சி தொடங்கிய இயற்பியல், வேதியியல் தொழிற்பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளராகச் சேர்ந்தார் பியர். மறு ஆண்டு அண்ணன் ஜாக், மான்பெல்லியே நகருக்கு வேலை மாறிப் போனார். கூட்டணி பிரிந்தது.

போவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கியிருந்தார்கள். மெல்லிய நீளமான குவார்ட்ஸ் தகடு. அதன் கீழே ஒரு தட்டு. தட்டில் எடைக்கற்களை வைத்தால் தகடு இழுபடும். எவ்வளவு எடையோ அதற்கேற்ற அளவு மின்னூட்டம் துல்லியமாக வரும். அதாவது மின்னூட்டத்தை எடைக்கல் போட்டு நிறுக்கும் தராசு!

இதை வைத்து என்ன செய்வது? அன்றைக்கு அதற்குப் பெரிய தேவை எதுவும் இல்லை. கருவி 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1894-இல் போலந்தில் இருந்து படிக்க வந்த மரியா ஸ்குவோடோவ்ஸ்காவைச் சந்தித்தார் பியர். 1895 ஜூலை 26-இல் எளிமையான திருமணம். கல்யாணப் பரிசாக வந்த பணத்தில் வாங்கிய சைக்கிள்களில் தேனிலவு. மரியா, மேரி கியூரி ஆனார்.

1896-இல் ஹென்றி பெக்கரல், யுரேனியத்தில் இருந்து ஏதோ கதிர் வருகிறது என்று கண்டறிந்தார். மேரி அதை ஆய்வுக்கு எடுத்தார். மற்றவர்கள் போட்டோ தகட்டில் விழும் கறுப்பைப் பார்த்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேரி அதை எண்ணால் அளக்க நினைத்தார். கதிர் பட்ட காற்றில் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். எவ்வளவு சிறியது? ஒரு ஆம்பியரை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் சில பத்துப் பங்குகள். 1898-இல் இதை அளக்க எதனால் முடியும்?

கணவரின் குவார்ட்ஸ் தராசால் முடிந்தது. கதிரால் வரும் மின்னூட்டத்தை, குவார்ட்ஸில் இருந்து வரும் மின்னூட்டத்தால் சமன் செய்து, எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்ப்பார் மேரி. ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் எடை, கண் எலக்ட்ரோமீட்டரின் ஒளிப்புள்ளியில்.

அப்படி அளந்தபோதுதான் அந்த விசித்திரம் சிக்கியது. யுரேனியம் எடுக்கப்படும் பிட்ச்பிளெண்ட் என்ற தாது, சுத்தமான யுரேனியத்தைவிட மூன்று, நான்கு மடங்கு வீரியத்துடன் இருந்தது. உள்ளே வேறு ஏதோ தனிமம் ஒளிந்திருக்கிறது! பியர் தன் படிக ஆராய்ச்சியை அப்படியே ஓரம் வைத்துவிட்டு மனைவியுடன் சேர்ந்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என இரண்டு புதிய தனிமங்கள் அறிவிக்கப்பட்டன.

ஒழுகும் கொட்டகையும் ஒரு கடிதமும்

அடுத்த நான்கு ஆண்டுகள் கடும் உழைப்பு. இடம், ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் படித்த கொட்டகை. கண்ணாடிக் கூரை மழைக்கு ஒழுகும். டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி, பிரித்து, 1902-இல் கைக்கு வந்தது வெறும் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு.

அதே 1902-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத் தேர்தலில் பியர் தோற்றார். உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய் ஆதரவு கேட்கும் வழக்கம் அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. அரசு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றார். தனக்குத் தேவை பதக்கம் இல்லை, ஒரு நல்ல ஆய்வகம் என்பது அவர் நிலை. ரேடியம் பிரித்தெடுக்கும் முறைக்கு இருவரும் காப்புரிமையும் வாங்கவில்லை.

இப்படி எதையும் கேட்டுப் பழகாத மனிதர், ஒரே ஒரு தடவை அழுத்திக் கேட்டார்.

1903 நோபல் பரிசுக்கு, பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நான்கு பேர் கதிரியக்க ஆய்வுக்காகப் பரிந்துரைக் கடிதம் அனுப்பினார்கள். அதில் இருந்த பெயர்கள் இரண்டு: பெக்கரல், பியர். மேரியின் பெயர் இல்லை! கையெழுத்திட்டவர்களில் ஒருவர் கேப்ரியல் லிப்மன். ஆம், அதே லிப்மன்தான். மேரி தன் ஆய்வு முடிவுகளை முதலில் அறிவித்தபோது, அவர் சார்பில் கழகத்தில் அதை வாசித்தவரே அவர்தான். அவருக்குத் தெரியாமல் விடுபட்டது என்று சொல்ல வழியே இல்லை.

சுவீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர் இந்த விஷயத்தை பியருக்குத் தெரியப்படுத்தினார். பியர் பதில் எழுதினார். தன் பெயர் பரிசீலனையில் இருப்பது உண்மை என்றால், கதிரியக்க ஆய்வில் மேரியையும் தன்னுடன் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முடிவில் பரிசின் பாதி பெக்கரலுக்கும், மறுபாதி கியூரி தம்பதிக்கும் போனது. நோபல் பெற்ற முதல் பெண் ஆனார் மேரி.

அந்தக் கடிதம் போகாமல் இருந்திருந்தால்? வரலாற்றில் மேரி, பியருக்கு உதவி செய்த மனைவியாக ஒரு வரியில் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மழை நாளில் முடிந்த பயணம்

கதிர்வீச்சின் ஆபத்து அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரேடியத்தைத் தன் கையில் பல மணி நேரம் வைத்துக்கொண்டு, புண் வருவதையும் அது ஆற எத்தனை வாரம் ஆகிறது என்பதையும் பதிவு செய்தார் பியர். ரேடியத்தால் புற்றுநோய்த் திசுக்களை அழிக்கலாம் என்ற சிகிச்சைக்கு இது ஒரு தொடக்கம். ஆனால் உடல் வலியும் சோர்வும் அவரை வாட்டின. நோபல் உரை நிகழ்த்த அவரால் ஸ்டாக்ஹோம் போக முடிந்ததே 1905 ஜூனில்தான்.

1904-இல் சோர்போனில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1905-இல் அறிவியல் கழகமும் கதவைத் திறந்தது. அவர் கேட்ட நல்ல ஆய்வகம் மட்டும் வரவேயில்லை.

1906 ஏப்ரல் 19, வியாழக்கிழமை. பாரிஸில் மழை. டோஃபின் தெருவைக் கடக்கும்போது, ராணுவத்துக்கான துணிகளை ஏற்றி வந்த கனமான குதிரை வண்டி முன் வழுக்கி விழுந்தார் பியர். பின்சக்கரம் தலையில் ஏறியது. அங்கேயே உயிர் போனது. வயது 46. மூத்த மகள் ஐரீனுக்கு 8 வயது, இளையவள் ஏவுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

அவர் நடத்திக்கொண்டிருந்த வகுப்பைத் தொடரும் பொறுப்பு மேரிக்கு வந்தது. சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண் பேராசிரியர் அவர்தான். 1911-இல் மேரிக்கு இரண்டாவது நோபல், இந்த முறை வேதியியலில்.

படிகம் என்ன ஆனது?

பியர் ஓரம் வைத்த படிக வேலையை, அவரிடம் தொழிற்பள்ளியில் படித்த மாணவர் பால் லாஞ்சவன் கையில் எடுத்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். 1917-இல் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்துக் கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியையும் அதே குவார்ட்ஸால் பிடிக்கும் முறையை உருவாக்கினார் அவர். இன்றைய சோனாருக்கு அதுவே அடித்தளம். மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இதே தத்துவம்தான். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதும் இதே படிகம்தான்.

1995-இல் பியர், மேரி இருவரின் உடல்களும் பிரான்ஸ் தன் பெருமைக்குரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தியனுக்கு மாற்றப்பட்டன. அங்கேயும் அதிகம் பேசப்பட்டது மேரியைப் பற்றித்தான்; சொந்தச் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். மேரியின் பெயர் விடுபடக் கூடாது என்று அன்று கடிதம் எழுதிய பியர், இதில் வருத்தப்பட்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.